குனியாத சொல்

அத்தியாயம் பதினான்கு

ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழே தொங்கும் மடிப்பைப் பிடிக்க வேண்டும். பிறகு மறுபடி நடை. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு விரிப்பு. அதாவது ஒருத்தி முகத்தை இன்னொருத்தி நானூறு தடவை மூச்சுப்படும் தூரத்தில் பார்த்தே தீர வேண்டும்.

பதினோரு நாளாகப் பென்சிலுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் அங்கே அவள் ஒருத்திதான். மூட்டைக்குச் சீட்டு எழுதும் பென்சில் எந்நேரமும் கொண்டையில் செருகியிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லாத ஒரே ஆள் விரிப்பின் மறுமுனையில் நிற்கும் அண்ணி. இருபத்து நாலு வயதானாலும் அண்ணிக்கு அவள் பாப்பாதான்.

"வித்," என்றாள் பென்சில், விரிப்பை உதறி.

"வித் ஹிம்." அண்ணி முனைகளைக் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

"ஃபார்."

"ஃபார் மீ."

"ஃப்ரம்."

"ஃப்ரம் ஹெர், ஃப்ரம் அஸ், ஃப்ரம் தெம். போதுமா டீச்சர்? இன்னும் வேணுமா?"

"வாய் சரியாத்தான் இருக்கு. கையைப் பாருங்க, ஓரம் கோணுது."

"விரிப்பை மடிக்கச் சொன்னா பள்ளிக்கூடம் நடத்துறீங்களா ரெண்டு பேரும்?" தூரத்திலிருந்து மேற்பார்வையாளர் கத்தினார். வாயைத் திறந்தால் சூடாகத்தான் வரும் என்பதால் அவருக்கு நீராவி என்று பெயர்.

"மடிப்புக்கு மடிப்பும் ஆச்சு, படிப்புக்குப் படிப்பும் ஆச்சு. உங்களுக்கு என்ன சார் கொறைஞ்சுபோச்சு?" என்றாள் அண்ணி.

"பத்து மணிக்குக் கிளம்பு. ரெண்டு மணிக்கு இங்க நிக்கணும். பாஸு ஃபெயிலுல்லாம் உன் பாடு."

"பாஸானா ஓடி வருவேன் சார். ஃபெயிலானா ஊர்ந்து வருவேன்."

துணியைச் சூட்டில் தேய்க்கும் உருளை இயந்திரத்துப் பக்கம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். பென்சில் மட்டும் விரிப்பின் ஓரத்தில் போகாமல் நின்றுவிட்ட ஒரு பழுப்புக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய ரத்தமோ. மூன்று வெளுப்புக்கும் போகாத ரத்தம்.

அண்ணன் கடல் தாண்டிப் போய் ஐந்து வருஷம். கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணமான நாலாம் வருஷம் போனவன், நடுவில் ஒரே தடவை வந்தான். மனைவி அங்கே போய்ச் சேர்ந்து வாழ வேண்டுமானால் இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சையில் தேறிய தாள் கையில் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அண்ணி இரண்டு தடவை தோற்றாள். முதல் தடவை பயத்தில் வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை வாயைத் திறந்து, 'ஐ வான்ட் டு லிவ் வித் ஹி' என்றாள். பத்துத் தப்பில் ஏழு அந்த ஒரே ரகத் தப்பு என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பென்சில் இந்த விரிப்புப் பாடத்தை ஆரம்பித்தாள்.

"அண்ணி, நம்ம பேச்சுல 'நான்' நிமிர்ந்து நிக்குது. 'ஓட' வந்து ஒட்டினா 'என்னோட'ன்னு குனிஞ்சுடுதுல்ல? அங்கயும் அதேதான். என்ன, அந்த 'ஓட' பின்னாடி வராம முன்னாடியே வந்து நிக்கும். வித், ஃபார், டு, ஃப்ரம். அது முன்னால நின்னா 'ஐ' குனிஞ்சு 'மீ' ஆயிடும். 'ஹி' குனிஞ்சு 'ஹிம்'."

முனையைக் கொடுத்துவிட்டு உடம்பு குனியும்போது சொல்லையும் குனிந்த சொல்லாகச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஐந்து மாதத்தில் அண்ணியின் இடுப்பு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. வாய் தடுமாறினாலும் குனிந்த மாத்திரத்தில் 'மீ' தானாக வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பதினோரு நாள் முன்பு பென்சிலின் போனுக்கு அண்ணனுடைய குரல் பதிவு வரும்வரை.

கழிவறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதைக் கேட்டாள்.

"உன் அண்ணிய இங்க வரவெக்க முடியாதும்மா. இங்க எனக்கு வேற ஒருத்தி இருக்கா. ரெண்டு வருஷமாச்சு. நான் எப்படிச் சொல்றது அவகிட்ட? நீ ஒண்ணு பண்ணு. இந்தத் தடவையும் அவ ஃபெயிலாகுற மாதிரி பாத்துக்க. ஃபெயிலாயிட்டா யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. சட்டந்தானே விடல, நாம என்ன பண்ண முடியும்? நாளைக்குப் பேசுறேன்."

அந்த நாளை இன்னும் வரவில்லை.

மறுநாள் காலை, முதல் விரிப்பை உதறும்போது பென்சில் சொன்னாள்: "அண்ணி, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ரெண்டு பேரைச் சேர்த்துச் சொன்னா 'ஐ' குனிய வேணாம். தனியா இருந்தா ஃபார் மீ. புருஷனோட சேர்த்துச் சொன்னா, ஃபார் மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ."

பச்சைப் பொய். ஒருவரானாலும் இருவரானாலும் குனிய வேண்டியது குனியத்தான் வேண்டும் என்பது பென்சிலுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அண்ணி முனைகளைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! புருஷன் பக்கத்துல நின்னா பொம்பள குனிய வேணாம்னு இங்கிலீஷ்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு பாரு!"

ஐந்து மாதத்துப் பாடத்தில் அண்ணிக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பொய்தான். அன்றிலிருந்து கேட்காமலே சொன்னாள். பாத்திரம் கழுவும்போது, தலை வாரும்போது. தேர் இஸ் எ ரூம் ஃபார் மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ. என் புருஷனுக்கும் எனக்கும் ஒரு ரூம் இருக்கு. அதைச் சொல்லும்போது மட்டும் முதுகை நிமிர்த்திக்கொள்வாள்.

பென்சில் தனக்குத்தானே பல காரணம் சொல்லிப் பார்த்தாள். தோற்றால் அண்ணி இங்கேயே இருப்பாள். தெரியாமலே இருப்பாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்ற நினைப்பாவது மிஞ்சும். எல்லாம் அண்ணியின் நன்மைக்காக. ஆனால் அந்தக் காரணங்களுக்கு அடியில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அண்ணி போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

அம்மா இறந்த வருஷமே வீட்டுக்கு வந்தவள் அண்ணி. அப்போது பென்சிலுக்குப் பதினைந்து. படிப்பை நிறுத்திவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் போகிறேன் என்று பென்சில் நின்றபோது, புது மணப்பெண் குறுக்கே வந்து சொன்னாள்: "நீ படி. நான் பிழியுறேன்." சொன்னபடி பிழிந்தாள். வலது முன்கையில் முழங்கைவரை நீளும் வழுவழுப்பான தழும்பு, உருளை இயந்திரம் கொடுத்தது. அந்தக் கை வெந்த வருஷம்தான் பென்சில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கினாள்.

அந்த இங்கிலீஷை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்திருந்தாள்.

*

பஸ்ஸில் இடம் கிடைத்தது. அண்ணி ஜன்னலோரம். மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும். வெளுக்கும் மருந்தில் வெந்து வெந்து வெளிறிப்போன விரல்கள்.

"செருப்பு கடிக்குது பாப்பா. புதுசு போட்டது தப்பு."

"கழட்டிட்டு உக்காருங்க. யார் பாக்கப்போறா?"

"பரீட்சைக்காரம்மா பாத்தா? செருப்பு போடத் தெரியாதவளுக்கு ஐ எங்க, மீ எங்கன்னு என்ன தெரியும்னு நெனைக்க மாட்டாங்களா?"

இப்போது சொல்லிவிடலாம். இந்தத் திருப்பம் முடிந்ததும் சொல்லிவிடலாம். பென்சில் அப்படி ஆறு திருப்பங்களைக் கடந்தாள்.

"அண்ணி."

"ம்?"

"பயமா இருக்கா?"

"இல்லையே. போன தடவ இருந்துச்சு. இந்தத் தடவ நீ சொல்லிக்குடுத்திருக்கல்ல?" அண்ணி அவள் கொண்டையிலிருந்த பென்சிலை உருவிப் பார்த்துவிட்டு மறுபடி செருகினாள். "நான் போயிட்டா வேளாவேளைக்குச் சாப்பிடணும். அங்க போன உடனே உன்னையும் அங்க கூப்பிட ஏற்பாடு பண்ணச் சொல்லி உங்க அண்ணன உயிரெடுத்துருவேன். நீ என்ன, ஒரு வருஷம் தனியா இருப்பியா?"

பென்சில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஜன்னல் அண்ணி பக்கம் இருந்ததால், அண்ணியைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவு. பரீட்சைக்கு வந்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"அண்ணி, ஒரு நிமிஷம். அந்த ரெண்டு பேர் பாடம்..."

"தெரியும்டி. புருஷன் பக்கத்துல இருந்தா குனிய வேணாம்." அண்ணி கண்ணைச் சிமிட்டினாள். கதவு தானாகவே சாத்திக்கொண்டது. பென்சிலின் வாய் திறந்தபடி கண்ணாடியில் தெரிந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்தாள். தோற்றுவிடட்டும் என்று நினைத்தாள். அடுத்த நொடியே, கடவுளே தேறிவிடட்டும் என்று நினைத்தாள். தேறினால் அந்தத் தாளோடு விமானம் ஏறி, எந்தக் கதவைப் போய்த் தட்டுவாள்? யார் வந்து திறப்பார்கள்? ஒரு மணி நேரம் இப்படியே போனது. படியில் ஏறி இறங்கியவர்கள் அவளை மிதிக்காமல் ஓரமாகப் போனார்கள்.

கதவு திறந்தபோது முதலில் வந்தது சத்தம்தான்.

"பாப்பா!"

அண்ணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள். மற்றொரு கையில் தாள். காவலாளி சிரித்தார். அண்ணி படியிலேயே பென்சிலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெளுக்கும் மருந்து வாசனை, வியர்வை வாசனை, கண்ணீர் ஈரம்.

"பாஸு! பாஸு போட்டுட்டாங்க! எழுவத்தெட்டு! உங்க வீடு எப்படி இருக்கும்னு கேட்டாங்க. நான் நிமிர்ந்து உக்காந்து சொன்னேன், தேர் இஸ் எ ரூம் ஃபார் மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ. அந்தம்மா தலையாட்டிட்டு என்னமோ எழுதிக்கிட்டாங்க."

ஒரு தப்புக்கு யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. பென்சில் செய்த பாவம் எதற்கும் உதவவில்லை. ஒரே ஒரு மார்க்கைக் குறைத்திருக்கும், அவ்வளவுதான்.

படி இறங்கும்போது அண்ணி திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"உள்ள காத்துக்கிட்டிருந்தப்ப பக்கத்துல ஒரு டீச்சரம்மா. நான் முணுமுணுக்கிறதக் கேட்டுட்டு, அது தப்பும்மா, ரெண்டு பேரானாலும் 'மீ'தான்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! என் நாத்தனார் பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்கு, அவ சொன்னா சொன்னதுதான்னு ஒரு பிடி பிடிச்சுட்டேன். பாவம், வாய மூடிக்கிட்டாங்க. வெளிய வர்றப்ப பையிலருந்து புஸ்தகத்த எடுத்துக் காட்டினாங்க. பெரிய எழுத்துல போட்டிருக்கு பாப்பா. 'மீ'தான்."

பென்சில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கே தப்பாத்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க. நீ என்ன பண்ணுவ? விடு. நான்தான் பாஸாயிட்டேனே!" அண்ணி அவள் கன்னத்தைத் தட்டினாள். "உங்க அண்ணனுக்குப் போன் போடு."

"இப்ப அங்க விடிஞ்சிருக்காது அண்ணி. தூங்குவாரு."

"ஆமால்ல. அவருக்கு மதிய ஷிஃப்டு வேற. டீ நேரத்துல போடலாம். இந்தா, இத நீ வெச்சுக்க. இதுக்கு ரெண்டு வருஷம் உயிராம். என்கிட்ட இருந்தா ஈரமாயிடும்."

தாளை நாலாக மடித்துப் பென்சிலின் கைப்பைக்குள் தானே வைத்தாள்.

*

இரண்டு மணிக்குச் சலவைக்கூடம் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தியது. உருளைப் பக்கத்துப் பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அண்ணியின் தலையில் துவைத்த தலையணை உறையைக் கிரீடம்போல மாட்டினாள்.

நீராவி வந்து நின்றார். எல்லோரும் பயந்தார்கள்.

"எழுவத்தெட்டா?"

"ஆமா சார்."

"என் பையன் நாப்பதத் தாண்டல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அங்க போயி இந்தக் கூடத்த மறந்துராத. சரி, சரி, மடிங்க. இன்னும் இருநூறு கெடக்கு."

மடித்தார்கள். அண்ணி இன்றைக்குப் பாடம் கேட்கவில்லை, தானாகவே பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை, அங்கே குளிருக்கு எத்தனை போர்வை, அவருடைய ஓட்டை விழுந்த காலுறைகள். ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு சாமான் வாங்கினாள். முப்பதாவது விரிப்பில் அந்த அறை கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.

முப்பத்தோராவது விரிப்பின் முனைகளைப் பென்சில் கொடுக்கவில்லை. இழுத்துப் பிடித்தபடி நின்றாள். இருவருக்கும் நடுவே விரிப்பு விறைப்பாக நின்றது.

"என்னடி? வா."

"அண்ணி, அங்க ரூம் இல்ல."

"என்ன ரூம் இல்ல?"

"அண்ணன் நீங்க வர வேணாங்குறாரு. அங்க அவருக்கு வேற ஒருத்தங்க இருக்காங்க. ரெண்டு வருஷமா."

இயந்திரச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல அண்ணி தலையைச் சாய்த்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்தாள். வழக்கம்போல முனைகளைப் பென்சிலின் கையில் கொடுத்தாள். வழக்கம்போலக் குனிந்தாள். மடிப்பைப் பிடித்தாள். அப்புறம் நிமிரவில்லை.

"அண்ணி..."

"இரு."

குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அந்த விரிப்பை முழுசாக மடித்து, அடுக்கின்மேல் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தடவை நீவிவிட்டாள். தலையிலிருந்த உறையைக் கழற்றி மடித்து அதையும் வைத்தாள்.

"போன எடுத்துக்கிட்டு வா."

*

கொதிகலன் அறைக்குப் பின்னால் ஒரு சந்து. சுவர் எப்போதும் சூடாக இருக்கும். டீ நேரத்தில்கூட யாரும் அங்கே நிற்க மாட்டார்கள்.

பென்சில் குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். பாதிக்கு மேல் ஓடியதும் அண்ணி கையை உயர்த்தினாள்.

"நிறுத்து. இதெல்லாம் உனக்குச் சொன்னது. எனக்கு அவரே சொல்லட்டும்."

தன் போனில் தானே எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போட்டாள். நாலாவது மணிக்கு எடுத்தார்கள். எடுத்தது அண்ணன் இல்லை.

"ஹலோ?"

பெண் குரல். தூக்கம் கலையாத, சாவகாசமான குரல். இங்கிலீஷ். அவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்றது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டது.

மெதுவாக, தெளிவாக, பரீட்சை ஒலிப்பதிவில் வரும் பெண் மாதிரியே பேசியது. அண்ணிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அது புரிவதற்காகத்தான் ஐந்து மாதம் குனிந்தாள்.

"ஆர் யூ ஹிஸ் சிஸ்டர்?" என்றது அந்தக் குரல் பிரியமாக. "ஹி டாக்ஸ் அபவுட் யூ." தங்கையா நீங்கள், உங்களைப் பற்றி எப்போதும் சொல்வார் என்று.

அண்ணி, எதிரே நின்ற பென்சிலைப் பார்த்தாள்.

"நோ," என்றாள். "ஹிஸ் சிஸ்டர் இஸ் வித் மீ."

சரியாகச் சொன்னாள்.

"ஓ. தென் ஹூ ஆர் யூ?"

அண்ணியின் உதடு அசைந்தது. அதற்குரிய சொல் அவளுக்குத் தெரியும். பரீட்சையில் முதல் கேள்விக்கே சொன்ன சொல். ஆனால் அதை இந்தக் குரலிடம் சொல்ல முடியவில்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியாது என்பது குரலிலேயே தெரிந்தது.

"டெல் ஹிம்," என்றாள் அண்ணி. "டெல் ஹிம், ஐ பாஸ்ட்."

போனை அணைத்தாள். சுவரில் சாய்ந்தாள். சூடு முதுகைச் சுட்டிருக்க வேண்டும், நகரவில்லை. அழுகை வந்தது. அது சத்தமில்லாத, மூச்சு முட்டுகிற அழுகை. பென்சில் கிட்டே போய்த் தோளைப் பிடித்தாள். அண்ணி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

"பதினோரு நாள் முன்னாடி."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"முடியல அண்ணி."

"பாவம். பதினோரு நாளா இத நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு எனக்குப் பாடம் வேற..." அண்ணி அங்கே நிறுத்தினாள்.

கொதிகலன் உள்ளே புஸ்ஸென்று மூச்சு விட்டது.

அண்ணி மெல்ல விலகி நின்றாள். முன்னால் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள்.

"ஃபெயிலாகுற மாதிரி பாத்துக்கன்னு சொன்னானே உங்க அண்ணன்."

பென்சில் கையிலிருந்த போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"அந்தக் குனிய வேணாங்குற பாடம் எப்போ சொல்லிக்குடுத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று என்ன கஷ்டம்? அண்ணி நம்பியும் இருப்பாள். படியிலேயே நம்பினவள்தானே. பென்சில் அண்ணியின் வலது கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மறுநாள்."

"தெரிஞ்சேதானா?"

"தெரிஞ்சே."

அடிப்பாள் என்று பென்சில் எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு... அங்க போயி அவமானப்பட வேணாம்னு... அண்ணி, நான்..."

"அந்த டீச்சரம்மாகிட்ட உனக்காகச் சண்ட போட்டேன் பாப்பா," என்றாள் அண்ணி.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏதோ தொலைந்த பொருளைச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்தப் பேப்பரக் குடு."

"எதுக்கு அண்ணி?"

"என் பேப்பர். குடு."

பென்சில் கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த தாளை அண்ணி வாங்கி, பிரித்து, எழுபத்தெட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் உள்பையில் வைத்துக்கொண்டாள். அதற்கு ரெண்டு வருஷம் உயிர்.

*

பென்சில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணி ஏற்கெனவே வேலையை ஆரம்பித்திருந்தாள்.

விரிப்பின் மேல் ஓரத்தைத் தாடையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். இரண்டு கையையும் முடிந்தமட்டும் விரித்து ஓரங்களைச் சேர்த்தாள். பாதித் துணி இடுப்புக்குக் கீழே நழுவியது. முழங்காலைத் தூக்கி அதைத் தடுத்தாள். கோணலாகத்தான் வந்தது. பிரித்து, மறுபடி தாடையில் வைத்தாள்.

பென்சில் தன் இடத்தில் வந்து நின்றாள். அடுத்த விரிப்பை எடுத்தாள். இரண்டு முனைகளைப் பிடித்து உதறி, வழக்கமான உயரத்தில் கையை நீட்டினாள்.

அண்ணி ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"யம்மா, ரெண்டு பேர் வேலைய ஏன் தனியா பண்ற?" நீராவி உருளைப் பக்கமிருந்து கேட்டார். "பாஸானதும் பலம் வந்துருச்சா?"

தாடையில் துணி இருந்ததால் அண்ணியால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாம் என்பது மாதிரியும் இருந்தது, இல்லை என்பது மாதிரியும் இருந்தது.

அண்ணியின் ஏப்ரன் பையில் போன் அடித்தது. அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது. குளித்துவிட்டு வந்துவிட்டான். அண்ணி அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. மூன்றாவது தடவை அடிக்கும்போது, கையிலிருந்த விரிப்பை அடுக்கில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.

பென்சில் இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தாள். அவள் பிடித்திருந்த விரிப்பின் மறுபாதி ஈரத் தரையில் கிடந்தது.

"பென்சிலு!" என்று கத்தினார் நீராவி. "துணி தரையில படுது பாரு!"